எக்ஸ்டென்ஷன் வயரில் செருகினால் மட்டும் டிரில் உடலில் சுருக்கென்கிறது: கோளாறு வயரிலா, டிரிலிலா?

இழைப்புளி
வணக்கம் நண்பர்களே. என்னிடம் அலுமினிய உடல் கொண்ட பழைய டிரில் ஒன்று இருக்கிறது. 13 மி.மீ. சக், 750 வாட், மூன்று பின் பிளக். பட்டறைச் சுவர் சாக்கெட்டில் நேராகச் செருகினால் எந்தத் தொந்தரவும் இல்லை. வெளியே வேலை செய்வதற்காக 30 மீட்டர் எக்ஸ்டென்ஷன் வயரில் செருகினால் மட்டும் உடலைத் தொடும் இடத்தில் சுருக்கென்று ஓர் உணர்வு. டெஸ்டரை உடலில் வைத்தால் விளக்கு எரிகிறது. ரப்பர் செருப்புப் போட்டுத்தான் வேலை செய்கிறேன்.

மின்சாரம் 230 வோல்ட். போர்டில் எம்.சி.பி. (சுமை மிஞ்சினால் விழும் சுவிட்ச்) மட்டும் இருக்கிறது, ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் துண்டிக்கும் சுவிட்ச்) இல்லை. வயரில் வெட்டோ ஒட்டோ எதுவும் தெரியவில்லை. கோளாறு வயரிலா, டிரிலிலா?

பழையதிருகி
இதற்கு ஏன் இவ்வளவு யோசனை? எக்ஸ்டென்ஷன் பாக்ஸைத் திறந்து எர்த் முனைக்கும் நியூட்ரல் முனைக்கும் ஒரு சின்ன வயர்த் துண்டை இணைத்துவிடுங்கள். சுருக்கென்பது அந்த நொடியே நின்றுவிடும். பல இடங்களில் செய்து கொடுத்திருக்கிறேன், யாரும் குறை சொன்னதில்லை.

மூன்றாம்கம்பி
இழைப்புளி, மேலே சொன்னதை மட்டும் செய்துவிடாதீர்கள். வேறு என்ன செய்வது என்பதைப் பிறகு பேசலாம்.

சுருக்கென்பது நிற்கும் என்பது உண்மைதான், அதில்தான் ஆபத்தே இருக்கிறது. அந்த பாக்ஸுக்கும் போர்டுக்கும் நடுவில் எங்காவது நியூட்ரல் வயர் கழன்றுகொண்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். பிளக்குக்குள் ஒரு திருகு தளர்ந்தாலே போதும். பேஸ் டிரிலின் மோட்டார் சுற்று வழியாக நியூட்ரல் முனைக்கு வந்து, மேலே போக வழியில்லாமல் அங்கேயே நிற்கும். நீங்கள் போட்ட வயர்த் துண்டு அதை எர்த் முனைக்கும், அங்கிருந்து டிரிலின் உடலுக்கும் கொண்டுபோய்விடும். இப்போது உடலில் முழு 230 வோல்ட். டிரில் சுழலாது. சுழலாத டிரிலை நாம் என்ன செய்வோம்? சுவிட்சை அழுத்திக்கொண்டே கையில் தூக்கித் திருப்பித் திருப்பிப் பார்ப்போம்.

எங்காவது பேஸும் நியூட்ரலும் இடம் மாறியிருந்தால் கழன்றுகொள்ளவும் தேவையில்லை. பிளக்கைச் செருகியதுமே உடல் பேஸ்தான்.

பழையதிருகி
மின்மாற்றியில் நியூட்ரலை எர்த்தோடு இணைத்துத்தானே வைத்திருக்கிறார்கள்? அங்கே சரியாக இருப்பது இங்கே மட்டும் எப்படித் தவறாகும்?

மூன்றாம்கம்பி
நல்ல கேள்வி. சில விநியோக முறைகளில் கட்டடத்தின் முதன்மைப் போர்டிலும் இணைக்கிறார்கள். ஆனால் அதைக் கனமான கம்பியால், முறுக்கி இறுக்கிய முனைகளில், ஓரிடத்தில் செய்கிறார்கள். அதற்குப் பிறகு எர்த்தும் நியூட்ரலும் தனித்தனிப் பாதைகள். நியூட்ரலில் மின்னோட்டம் எப்போதும் போகும், எர்த்தில் கோளாறு வந்தால் மட்டுமே போக வேண்டும். நீங்கள் பாக்ஸில் இணைத்தால் இரண்டு வேலைகளும் ஒரே மெல்லிய வயரின் தலையில் விழுகின்றன. நிமிடத்துக்கு ஒரு முறை இழுபடும், மிதிபடும் வயர் அது. அதை நம்பி உயிரை வைக்கிறோம்.

இன்னொன்றும் உண்டு. சாக்கெட் சோதிக்க மூன்று சிறுவிளக்குகள் கொண்ட பிளக் விற்கிறதே, அது இந்தத் தில்லுமுல்லைக் கண்டுபிடிக்காது. "எல்லாம் சரி" என்றே காட்டும். உங்களுக்குப் பின் அந்த பாக்ஸை எடுப்பவருக்கு எந்த எச்சரிக்கையும் இருக்காது.

அம்மீட்டர்
இழைப்புளி, சண்டை ஒரு பக்கம் நடக்கட்டும். நீங்கள் ஓர் அளவு எடுங்கள். எக்ஸ்டென்ஷனைச் சுவரிலிருந்து முழுமையாகக் கழற்றிவிட்டு, மல்டிமீட்டரை ஓம் நிலையில் வைத்து, பிளக்கின் பெரிய பின்னுக்கும் பாக்ஸின் எர்த் துளைக்கும் இடையே பாருங்கள். 30 மீட்டர் வயர் என்றால் ஓர் ஓமுக்குள் வர வேண்டும். பிறகு டிரிலையும் தனியாக அதே போலப் பாருங்கள்: டிரில் பிளக்கின் எர்த் பின்னுக்கும் உடலில் பெயின்ட் இல்லாத ஓரிடத்துக்கும் இடையே.

டெஸ்டர் விளக்கை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். எர்த் இல்லாத உலோக உடல் எதிலும், பக்கத்தில் ஓடும் பேஸ் வயரின் தூண்டலாலேயே அது மங்கலாக எரியும். நெருப்பும் புகையும் வித்தியாசம் தெரியாத கருவி.

இழைப்புளி
பார்த்துவிட்டேன். டிரிலில் பிளக்கிலிருந்து உடலுக்கு 0.3 ஓம். எக்ஸ்டென்ஷனில் மீட்டர் அசையவே இல்லை. சந்தேகம் வந்து பாக்ஸைத் திறந்தேன். மூன்று துளை சாக்கெட், மூன்று பின் பிளக், நடுவில் இரண்டு கோர் வயர், அதாவது உள்ளே இரண்டே கம்பிகள்! எர்த் முனைத் திருகு புதிதாகவே இருக்கிறது, அதில் எதுவும் மாட்டியதே இல்லை. ஆயத்தமாகக் கட்டி விற்ற பொருள் இது.

கடைசல்காரி
வெளியே பார்த்தால் மூன்று, உள்ளே இரண்டு. வயரின் மேலுறையில் அச்சிட்டிருக்கும் எழுத்தைப் படிக்கும் பழக்கம் இருந்தால் கடையிலேயே தெரிந்துவிடும். 3 பெருக்கல் 1.5 என்று இருந்தால் மூன்று கோர், ஒவ்வொன்றும் 1.5 சதுர மி.மீ. 2 பெருக்கல் 0.75 என்று இருந்தால் அதைத் தொடாமல் அடுத்த கடைக்கு நடக்கலாம். எழுத்தே இல்லாத வயர் என்றால் இன்னும் வேகமாக நடக்கலாம்.

மூன்றாம்கம்பி
சுவரில் செருகினால் சுருக்கென்று இல்லாததற்குக் காரணம் இப்போது புரிகிறதா, இழைப்புளி? அங்கே கசிவை எர்த் வயர் எடுத்துப் போய்விடுகிறது. எக்ஸ்டென்ஷனில் அந்தப் பாதை இல்லை. ஆகவே கசிவு உங்கள் கை வழியாகப் போகப் பார்க்கிறது, செருப்பு பாதி தடுக்கிறது. அப்படியென்றால் கோளாறு இரண்டு: வயரில் எர்த் இல்லை, டிரிலில் கசிவு இருக்கிறது. முதலாவதைச் சரிசெய்துவிட்டு இரண்டாவதை மறந்துவிடாதீர்கள். அதுவரை அந்த டிரிலைத் தொட வேண்டாம்.

சாணைக்கல்
என் ஆங்கிள் கிரைண்டரில் இரண்டு பின் பிளக்தான், இரண்டு கோர்தான். சதுரத்துக்குள் சதுரம் முத்திரை இருக்கிறது. பல காலமாக ஓடுகிறது. இதற்கு எர்த் தேவையில்லை என்கிறார்கள். சரிதானே? அப்படியென்றால் இத்தகைய கருவியையே எல்லோரும் வாங்கிவிட்டால் இந்தத் தொல்லையே இல்லையே.

மூன்றாம்கம்பி
சரிதான். அது இரண்டாம் வகுப்புக் கருவி, இரட்டைக் காப்பு கொண்டது. உள்ளே மின்சுற்றைச் சுற்றி ஒரு காப்பு, அது கெட்டாலும் உடலுக்கு மின்சாரம் வராமல் தடுக்க இன்னொரு காப்பு. அதற்கு எர்த் வயர் இல்லை, கொடுக்கவும் கூடாது. "பாதுகாப்புக்காக" என்று யாராவது மூன்று கோர் மாட்டி உலோகப் பகுதியில் திருகி விட்டால் அந்த வடிவமைப்பையே கெடுத்துவிடுகிறார்.

ஆனால் இரட்டைக் காப்பு என்றால் நனையலாம் என்று பொருளில்லை. காற்றுத் துளை வழியாக நீர் உள்ளே போனால் இரண்டு காப்பையும் ஒரே சொட்டில் தாண்டிவிடும். இரும்பு வெட்டுகிறவர்களுக்கு இன்னொரு வம்பு: உலோகத் தூசி. மோட்டாரைக் குளிர்விக்கும் காற்றோடு அதுவும் உள்ளே போய்ச் சுற்றுகளின் மேல் படிகிறது. நாளடைவில் மின்சாரம் கடத்தும் ஒரு பூச்சு உருவாகிவிடும். நிறைய இரும்பு அரைக்கிறீர்கள் என்றால் அவ்வப்போது உலர்ந்த காற்றடித்துத் தூசியை வெளியேற்றுங்கள்.

சாணைக்கல்
காற்றடிப்பது சரி. இன்னொரு சந்தேகம். சுவர் சாக்கெட்டில் எர்த் உண்மையாகவே வேலை செய்கிறதா என்று பார்க்க, பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவில் 100 வாட் குண்டு பல்பைப் போட்டுப் பார்ப்பேன். பிரகாசமாக எரிந்தால் எர்த் நன்றாக இருக்கிறது. எளிய வழி.

அம்மீட்டர்
மல்டிமீட்டரை விட இது மேல் என்று ஒரு வகையில் ஒத்துக்கொள்கிறேன். மல்டிமீட்டர் மிகச் சிறிய மின்னோட்டமே எடுப்பதால், ஒரே ஓர் இழையில் தொங்கும் எர்த்தையும் 230 வோல்ட் என்று காட்டிவிடும். பல்பு கொஞ்சம் சுமை கொடுக்கிறது.

மூன்றாம்கம்பி
இரண்டு பேரும் ஒன்றை யோசிக்கவில்லை. எர்த் வழியில் எங்கோ அறுந்திருந்தால்? பல்பு எரியாது, "எர்த் இல்லை" என்று தெரிந்துகொள்வீர்கள். அந்தச் சில நொடிகள் அதே எர்த் வயரில் இணைந்திருக்கும் எல்லாக் கருவிகளின் உடலிலும் பல்பின் இழை வழியாகப் பேஸ் நிற்கும். அடுத்த அறையில் குளிர்சாதனப் பெட்டியின் கதவைத் திறக்கிறவருக்கு நீங்கள் சோதனை செய்வது தெரியாது. 100 வாட் பல்பு வழியாக உயிரைப் பறிக்கத் தேவையானதைவிடப் பல மடங்கு மின்னோட்டம் வரும். ஆர்.சி.சி.பி. இருந்தால் அது விழுந்துவிடும், இல்லாத வீட்டில் இது சூதாட்டம்.

எர்த் லூப் மீட்டர் வைத்திருக்கும் மின்பணியாளரை ஒரு முறை அழைத்துப் பாருங்கள். எர்த் பாதையின் தடை எத்தனை ஓம் என்று எண்ணாகவே சொல்வார்.

பழையதிருகி
எண் எதற்கு? எர்த் இருந்தால் கோளாறு வரும்போது எம்.சி.பி. விழும், அவ்வளவுதானே.

அம்மீட்டர்
இல்லை அண்ணா, அந்த எண்ணில்தான் விஷயமே இருக்கிறது. எர்த் என்பது உங்கள் இடத்தில் மண்ணில் இறக்கிய ஒரு கம்பி மட்டும்தான், அதன் தடை 20 ஓம் என்று கொள்வோம். பேஸ் முழுமையாக உடலில் பட்டாலும் 230 வகுத்தல் 20, அதாவது 11.5 ஆம்பியர்தான் போகும். 16 ஆம்பியர் எம்.சி.பி. அதைச் சாதாரணச் சுமை என்று எண்ணிக்கொண்டு நாள் முழுவதும் நிற்கும். உடலில் ஏறத்தாழ முழு மின்னழுத்தமும் இருந்துகொண்டே இருக்கும்.

எர்த் வயர் மின்மாற்றியின் நியூட்ரல் வரை உலோகப் பாதையாகவே போகும் முறையில் தடை ஓர் ஓமுக்கும் குறைவாக இருக்கலாம். அங்கே நூற்றுக்கணக்கில் ஆம்பியர் பாய்ந்து எம்.சி.பி. உடனே விழும். இரண்டையும் ஒன்றாக நினைத்துத்தான் பலர் ஏமாறுகிறார்கள்.

மண்ணை நம்பும் இடத்தில் ஆர்.சி.சி.பி. கட்டாயம். பேஸில் போனதும் நியூட்ரலில் திரும்பியதும் சமமா என்று பார்ப்பது மட்டுமே அதன் வேலை. வித்தியாசம் 30 மில்லி ஆம்பியரைத் தொடுவதற்குள் அறுத்துவிட வேண்டும். எர்த் 20 ஓமாக இருந்தாலும் 200 ஓமாக இருந்தாலும் அதற்குக் கவலையில்லை.

கடைசல்காரி
அதில் இருக்கும் சோதனைப் பொத்தானைப் பற்றி ஒரு வார்த்தை. அதை அழுத்தி விழுந்தால் எர்த்தும் சரியாக இருக்கிறது என்று பலர் நம்புகிறார்கள். பொத்தான் உள்ளேயே ஒரு சிறு தடையின் வழியாகக் கொஞ்சம் மின்னோட்டத்தைக் குறுக்கு வழியில் விடுகிறது. எர்த் வயரே இல்லாத வீட்டிலும் அது விழும். இயந்திரம் இறுகிப் போகவில்லை என்று மட்டுமே அது சொல்கிறது. மாதம் ஒரு முறை அழுத்தத்தான் வேண்டும்.

பேஸை ஒரு கையிலும் நியூட்ரலை மறு கையிலும் பிடித்தால் ஆர்.சி.சி.பி.க்கு நீங்களும் ஒரு பல்பும் ஒன்றுதான். அங்கே அது காப்பாற்றாது.

காற்றுக்குழாய்
இழையின் நடுவே புகுவதற்கு மன்னிக்கவும், ஆனால் என் கேள்வியும் எக்ஸ்டென்ஷன் பற்றியதுதான். 2 குதிரைத்திறன் கம்ப்ரசர். சுவர் சாக்கெட்டில் உடனே ஓடுகிறது. 30 மீட்டர் எக்ஸ்டென்ஷனில் போட்டால் "ம்ம்ம்" என்று முனகிவிட்டு ஓவர்லோடு பொத்தான் தட்டிவிடுகிறது. வயர் மூன்று கோர், 1 சதுர மி.மீ. எர்த் இருக்கிறது, பார்த்துவிட்டேன். வயர் லேசாகச் சூடாகிறது.

அம்மீட்டர்
எனக்குப் பிடித்த கணக்கு வந்துவிட்டது.

நெகிழ் செம்பு வயரின் தடை, கிலோமீட்டருக்கு: 0.75 சதுர மி.மீ. என்றால் 26 ஓம், 1 என்றால் 19.5, 1.5 என்றால் 13.3, 2.5 என்றால் 8 ஓம். போகும் வழி, வரும் வழி இரண்டையும் சேர்த்து 30 மீட்டர் என்பது 60 மீட்டர். உங்கள் 1 சதுர மி.மீ. வயரில் மொத்தம் 1.17 ஓம்.

ஓடும்போது 10 ஆம்பியர் எடுத்தால் 11.7 வோல்ட் வயரிலேயே தீர்ந்துவிடும். அது பெரிய பாதகம் இல்லை. கிளம்பும்போதுதான் சிக்கல். நின்றிருக்கும் இண்டக்ஷன் மோட்டார் அந்த முதல் நொடியில் ஐந்து மடங்கு, 50 ஆம்பியர் இழுக்கப் பார்க்கும். வயரின் தடையால் அது 40 ஆம்பியர் அளவுக்குக் குறைந்தாலும் வயரில் மட்டும் 45 வோல்ட் அளவுக்கு இழப்பு. மோட்டாருக்குக் கிடைப்பது சுமார் 185. திருப்புவிசை மின்னழுத்தத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது, ஆகவே மூன்றில் இரண்டு பங்குக்கும் குறைவாகவே கிடைக்கும். அழுத்தம் ஏறிய பிஸ்டனைத் தள்ள அது போதவில்லை. மோட்டார் வேகம் எடுக்காததால் ஸ்டார்ட்டிங் சுற்றைக் கழற்றிவிடும் சுவிட்சும் திறக்காமல், அந்த மெல்லிய சுற்று வெந்துகொண்டிருக்கும். உங்கள் ஓவர்லோடு பொத்தான் மோட்டாரைத்தான் காப்பாற்றுகிறது, அதைத் திட்டாதீர்கள்.

2.5 சதுர மி.மீ. போட்டால் அதே முப்பது மீட்டருக்கு அரை ஓம் கூட இல்லை. இழப்பு பாதிக்கும் கீழே வந்துவிடும்.

கடைசல்காரி
அதைவிட மலிவான வழி இருக்கிறதே. கம்ப்ரசரைச் சுவர் சாக்கெட் பக்கத்திலேயே வைத்துவிட்டு, காற்றுக் குழாயை நீட்டுங்கள். மின்சாரத்தை நீட்டுவதைவிடக் காற்றை நீட்டுவது பாதுகாப்பு.

மேற்கு120
நான் 120 வோல்ட் ஊரில் இருக்கிறேன். இங்கே இந்தக் கணக்கு இன்னும் கொடுமை. அதே வாட்டுக்கு இரண்டு மடங்கு ஆம்பியர், ஆகவே வயரில் இரண்டு மடங்கு வோல்ட் இழப்பு. இருப்பதே பாதி வோல்ட் என்பதால் சதவீதத்தில் பார்த்தால் நான்கு மடங்கு. அங்கே 1.5 சதுர மி.மீ. போதும் என்று சொல்லும் வேலைக்கு இங்கே அதைவிட மிகக் கனமான வயர் கேட்கும். இங்குள்ள கசிவுத் துண்டிப்பான்கள் 5 மில்லி ஆம்பியர் அளவிலேயே விழுந்துவிடும் என்பது ஓர் ஆறுதல்.

சாணைக்கல்
நான் சுருள் ரீலில் வயர் வைத்திருக்கிறேன். தேவையான அளவு மட்டும் இழுத்துக்கொள்வேன், மீதி ரீலிலேயே இருக்கும். சுருளாக இருந்தால் அது காயில் போல வேலை செய்து மின்காந்தத்தால் சூடாகும் என்று ஒருவர் பயமுறுத்தினார். உண்மையா?

அம்மீட்டர்
சூடாகும் என்பது உண்மை, காரணம் பொய். ஒரே வயருக்குள் மின்னோட்டம் போகவும் வரவும் செய்கிறது. இரண்டின் காந்தப்புலமும் ஒன்றையொன்று அழித்துவிடும். எத்தனை சுற்று சுற்றினாலும் அது காயில் ஆகாது.

சூடாவது வெறும் தடையால்தான். 0.75 சதுர மி.மீ., 30 மீட்டர், 9 ஆம்பியர் என்றால் வயர் முழுவதிலும் 126 வாட் வெப்பம். தரையில் நீட்டிப் போட்டால் மீட்டருக்கு நான்கு வாட், காற்று எடுத்துப் போய்விடும், கை வைத்தால் லேசான சூடுதான் தெரியும். அதையே ரீலில் அடுக்கடுக்காகச் சுற்றி வைத்தால் உள்ளே இருக்கும் சுற்றுகளுக்கு வெப்பத்தைக் கொடுக்க ஆளில்லை. சாதாரண பி.வி.சி. காப்பு 70 டிகிரி வரைதான் தாங்கும். அதன் பிறகு இளகி, கோர்கள் ஒன்றோடொன்று நெருங்கிவிடும்.

ரீலின் பக்கத்தட்டில் இரண்டு வாட் எண்கள் அச்சிட்டிருக்கும், பாருங்கள். ஒன்று சுற்றியபடி, ஒன்று முழுவதும் விரித்தபடி. இரண்டுக்கும் மூன்று மடங்கு வித்தியாசம் இருப்பது சாதாரணம்.

சாணைக்கல்
பார்த்தேன். 1000, 3000. இத்தனை காலம் அதை இரண்டு மாடல்களுக்குப் பொதுவான ஸ்டிக்கர் என்று நினைத்திருந்தேன்.

இழைப்புளி
எல்லோருக்கும் நன்றி. 3 கோர் 2.5 சதுர மி.மீ. ரப்பர் உறை வயர் வாங்கிவிட்டேன். டிரிலுக்கு இது அதிகம் என்று தெரியும், ஆனால் மார்பிள் கட்டரும் இதே வயரில்தான் ஓடப்போகிறது. பிளக்கையும் பாக்ஸையும் நானே மாட்டலாம் என்று இருக்கிறேன். கவனிக்க வேண்டியது ஏதாவது?

மூன்றாம்கம்பி
பழுப்பு பேஸ், நீலம் நியூட்ரல், பச்சை-மஞ்சள் எர்த். பழைய வயர்களில் சிவப்பு, கறுப்பு, பச்சை. 120 வோல்ட் நாடுகளில் கறுப்புதான் பேஸ் என்பதால், வேறு நாட்டிலிருந்து வந்த கருவியின் பிளக்கை மாற்றுகிறவர்கள் நிறத்தை நம்பாமல் மீட்டரை நம்ப வேண்டும்.

பிளக்குக்குள் எர்த் கோரை மற்ற இரண்டையும்விடக் கொஞ்சம் நீளமாக விடுங்கள். யாராவது வயரை இழுத்துப் பிடுங்கினால் பேஸும் நியூட்ரலும் முதலில் கழல வேண்டும், எர்த் கடைசியில். பெரிய வட்டப் பின் பிளக்குகளில் எர்த் பின்னை நீளமாக வைத்திருப்பதும் இதே எண்ணத்தில்தான்: செருகும்போது முதலில் தொடும், கழற்றும்போது கடைசியில் விடும்.

வெளியுறையை இறுக்கும் கிளாம்ப் உறையின் மேல் விழ வேண்டும், உள்ளே இருக்கும் தனித்தனிக் கோர்களின் மேல் அல்ல. பாதிப் பிளக்குகள் கெடுவது இங்கேதான். இழைகளுக்கு ஈயம் பூசித் திருகில் மாட்டும் வழக்கம் சிலரிடம் இருக்கிறது. பார்க்க அழகாக இருக்கும். ஆனால் ஈயம் அழுத்தத்தில் மெல்ல மெல்ல விலகி, திருகு தளர்ந்து, பிளக் கருகும். முனையில் குழல் லக் (சிறு உலோகக் குழல்) போட்டு நசுக்குங்கள், அல்லது இழைகளை முறுக்கி அப்படியே இறுக்குங்கள்.

வயர் உண்மையிலேயே 2.5தானா என்று இழைகளை எண்ணியும் பார்க்கலாம். 0.25 மி.மீ. கனமுள்ள இழை 50 இருக்க வேண்டும். அதே கனத்தில் 30 இருந்தால் அது 1.5. இழையைச் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் செம்பு பூசிய அலுமினியம், திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

மார்பிள் கட்டர் என்றால் தண்ணீர் வரும். ஆர்.சி.சி.பி. இல்லாமல் அதைத் தொடாதீர்கள். இணைப்புப் பகுதி தரையில் கிடக்கக் கூடாது, ஒரு மரக்கட்டையின் மேல் தூக்கி வையுங்கள்.

இழைப்புளி
எல்லாம் மாட்டியாயிற்று. மின்பணியாளர் வந்து போர்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும் போட்டுவிட்டார், எர்த்தையும் அளந்து சரி என்றார். இப்போது புதிய தலைவலி. டிரிலை ஓட்டினால் சில நிமிடங்களில் ஆர்.சி.சி.பி. விழுகிறது. கட்டரில் விழவில்லை, வேறு எதிலும் விழவில்லை. சுவர் சாக்கெட்டில் நேராகப் போட்டாலும் விழுகிறது.

பழையதிருகி
பார்த்தீர்களா! முன்பு சுருக்கென்றுதான் இருந்தது, வேலையாவது நடந்தது. டிரில் பிளக்கில் எர்த் வயரை மட்டும் கழற்றிவிடுங்கள், விழாது.

கடைசல்காரி
அண்ணா, வீட்டில் புகை எச்சரிக்கைக் கருவி அலறினால் பேட்டரியைக் கழற்றுகிற ஆளா நீங்கள்?

மூன்றாம்கம்பி
இழைப்புளி, இந்த ஒரு கணக்கைப் பாருங்கள். 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. என்பது 15-க்குக் கீழே விழக் கூடாது, 30-க்குள் விழுந்தாக வேண்டும் என்ற அளவில் செய்யப்படுகிறது. ஆக, உங்கள் டிரில் சூடானதும் குறைந்தது 15 மில்லி ஆம்பியராவது கசிகிறது. கையில் 10 மில்லி ஆம்பியர் ஓடினாலே தசைகள் இறுகிப் பிடித்ததை விட முடியாமல் போகலாம். 30-ஐத் தாண்டிச் சிறிது நேரம் நீடித்தால் இதயத்துடிப்பு தாறுமாறாகும். எர்த் இல்லாத வயரில், ஈரத்தரையில், வெறுங்காலோடு நீங்கள் அதைப் பிடித்திருந்தால் சுருக்கென்று முடிந்திருக்காது. இடையில் நின்றது அந்தச் செருப்பு மட்டும்தான்.

எர்த்தைக் கழற்றினால் ஆர்.சி.சி.பி. விழாது என்பது சரி. நீங்கள் பாதையாகும் வரை விழாது.

டிரிலைத் திறந்து கார்பன் பிரஷ் இருக்கும் பகுதியைப் பாருங்கள். பழைய டிரில்களில் பிரஷ் தேய்ந்த கரித்தூள் அங்கே அப்பிக்கொண்டு, பிரஷ் கூட்டிலிருந்து உடலுக்குப் பாலம் போட்டுவிடும். சூடானால் கசிவு கூடுவதும் அதற்குப் பொருந்துகிறது. சுத்தம் செய்தபின் 500 வோல்ட் மெக்கரில் (காப்பின் தடையை அளக்கும் கருவி) அளக்கச் சொல்லுங்கள்: பேஸையும் நியூட்ரலையும் சேர்த்து ஒரு பக்கம், உடல் மறுபக்கம், டிரில் சுவிட்சை அழுத்திய நிலையில். எர்த் கொண்ட கருவிக்கு 1 மெகாஓமுக்குக் குறையக் கூடாது. இரட்டைக் காப்புக் கருவிக்கு 2.

மேற்கு120
இதே மாதிரி ஒரு கேள்வி. மின்சாரம் இல்லாத தளத்தில் சிறிய ஜெனரேட்டரிலிருந்து எக்ஸ்டென்ஷன் போட்டால் எர்த் எங்கே இருக்கிறது?

மூன்றாம்கம்பி
பல சிறிய ஜெனரேட்டர்களில் நியூட்ரல் உடலோடு இணைக்கப்படாமல் மிதந்துகொண்டிருக்கும். அதில் கசிவுத் துண்டிப்பான் போட்டாலும் முதல் கோளாறில் அது விழாது, திரும்பி வரப் பாதையே இல்லை. கையேட்டில் இணைப்பு பற்றி என்ன சொல்லியிருக்கிறது என்று பார்த்து அதன்படி செய்யுங்கள், ஊகிக்காதீர்கள். ஜெனரேட்டரில் இரட்டைக் காப்புக் கருவிகளையே பயன்படுத்துவது நிம்மதி.

ஜெனரேட்டர் பேச்சு வந்ததால் சொல்கிறேன்: இரண்டு முனையிலும் பின் கொண்ட பிளக் மாட்டிய வயரால் ஜெனரேட்டரை வீட்டுச் சாக்கெட்டில் செருகுகிறவர்கள் இருக்கிறார்கள். ஒரு முனையைச் செருகியதும் மறுமுனையின் பின்களில் மின்சாரம் வெட்டவெளியில் நிற்கிறது. வெளி இணைப்பைத் துண்டிக்க மறந்தால் தெருக் கம்பத்தில் வேலை செய்யும் ஊழியர் வரை அது போகும். அப்படி ஒரு வயரைக் கண்டால் வெட்டிவிடுங்கள்.

இழைப்புளி
டிரில் பற்றி: திறந்தேன். கரித்தூள் என்று சொன்னது குறைவு, ஒரு பக்கம் பிரஷ் கூட்டின் காப்பு வளையமே கருகிக் கோடு விழுந்திருந்தது. தூளைத் துடைத்தேன், இரண்டு வளையங்களையும் புதிதாக மாற்றினேன், பிரஷ்ஷும் புதியது. மோட்டார் சுற்றும் கடையில் மெக்கர் வைத்துப் பார்த்தார்கள். திறப்பதற்கு முன் முள் சுழியத்தை ஒட்டியே நின்றது, இப்போது 20 மெகாஓமுக்கு மேல். ஆர்.சி.சி.பி. விழவில்லை, நீண்ட நேரம் ஓட்டியும் பார்த்துவிட்டேன்.

பழையதிருகி
சரி. வளையம் எந்த அளவு? என்னிடமும் அதே காலத்து டிரில் ஒன்று இருக்கிறது.

இழைப்புளி
அளவு நினைவில்லை அண்ணா, பழைய வளையத்தைக் கொண்டுபோய் ஒப்பிட்டுத்தான் வாங்கினேன். ஒரு பக்கம் கருகாமல் இருந்ததால் முடிந்தது.

காற்றுக்குழாய்
கடைசல்காரி அக்கா சொன்னபடி கம்ப்ரசரைச் சாக்கெட் ஓரத்தில் வைத்துக் குழாயை நீட்டினேன். ஒரு முனகல் கூட இல்லாமல் கிளம்புகிறது. ஆனால் நீளக் குழாயின் கடைசியில் ஸ்பிரே கன்னிலிருந்து பெயின்டோடு தண்ணீர்த் துளிகள் வருகின்றன. இதற்கு என்ன செய்வது?

நெறியாளர்
காற்றில் வரும் ஈரத்துக்குத் தனி இழை தொடங்குங்கள், காற்றுக்குழாய். இங்கே எக்ஸ்டென்ஷன், எர்த் மட்டும் தொடரட்டும்.